ஷவுவோத் இரவில் ரபியிடம் பாடம் கேட்கப் போகிறவர்களுக்கு

நியூயார்க், லண்டன், டொராண்டோ மாதிரி ஊர்களில் இருப்பவர்களுக்கு மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ யூத நண்பரிடமிருந்து இப்படி ஓர் அழைப்பு வரலாம்: "ஷவுவோத்துக்கு எங்கள் சினகாக்கில் ஒரு பெரிய ரபி வருகிறார். இரவு முழுக்க வகுப்பு. நீயும் வாயேன்." ஷவுவோத் ஒரு யூதப் பண்டிகை, சினகாக் யூதர்களின் ஜெப ஆலயம், ரபி அவர்களுடைய மத ஆசிரியர். எங்கே உட்காருவது, என்ன உடுத்துவது, வாயைத் திறக்கலாமா கூடாதா என்பதெல்லாம் அழைக்கிறவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அதனால் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றாது. அவர்கள் சொல்லாமல் விடுவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உபன்யாசம் கேட்கப் போவதுபோலக் கைகட்டி உட்கார்ந்துவிட்டு வருகிற நிகழ்ச்சி இது அல்ல. கையில் தாளோடு உட்கார்ந்து, பக்கத்திலிருப்பவரோடு வாதாடி, மேடையில் நிற்கும் ரபியையே கேள்வி கேட்கிற இரவு. இதைப் புரிந்துகொண்டு போனால் மற்ற விதிகளில் ஒன்றிரண்டு தவறினாலும் பெரிய நஷ்டம் இல்லை.

ஏன் இரவு முழுக்க?

பஸ்கா பண்டிகையின் இரண்டாம் நாளிலிருந்து நாற்பத்தொன்பது நாட்களை எண்ணி, ஐம்பதாவது நாள் வருவது ஷவுவோத். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் பெந்தெகொஸ்தே என்ற பெயரில் தெரிந்த நாள் இதிலிருந்து வந்ததுதான். சீனாய் மலையில் தோரா, அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களில் உள்ள வேதம், அருளப்பட்ட நாள் என்று யூதர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். யூத நாட்காட்டியில் நாள் என்பது மாலையில் தொடங்கும். 2026இல் மே 21 மாலையும், 2027இல் ஜூன் 10 மாலையும் ஷவுவோத் தொடங்குகிறது.

அந்த இரவு கண்விழிப்பதற்கு ஒரு பழைய மித்ராஷ் (வேதத்தை விரித்துச் சொல்லும் ரபிகளின் கதை) காரணம் சொல்கிறது. தோரா தரப்படவிருந்த காலையில் இஸ்ரவேலர்கள் தூங்கிப்போனார்களாம். கோடை இரவு சின்னது, தூக்கமோ சுகம், அன்று ஒரு தெள்ளுப்பூச்சிகூடக் கடிக்கவில்லை. கடவுள் வந்து காத்திருக்க, இவர்களை எழுப்ப வேண்டியிருந்தது. அந்தத் தூக்கத்துக்குப் பரிகாரமாகத்தான் இன்றைக்கும் விழித்திருந்து படிக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஒட்டோமன் பேரரசில் யோசேப் காரோ என்ற ரபியும் அவருடைய தோழர்களும் இப்படிக் கண்விழித்துப் படித்த ஓர் இரவைப் பற்றி சோலோமோன் அல்காபெத்ஸ் எழுதிய கடிதம் இருக்கிறது. இருவரும் பிற்பாடு கலிலேயாவின் சஃபேத் ஊரில் குடியேறினார்கள். அங்கிருந்த ஞானிகள் வட்டத்தின் வழியாக வழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. இந்த இரவுப் படிப்புக்குத் திக்குன் லேல் ஷவுவோத் என்று பெயர். அழைப்பிதழில் சுருக்கமாகத் "திக்குன்" என்று மட்டும் இருக்கும்.

எந்த இடம் என்று முதலில் விசாரியுங்கள்

நடத்துவது யார் என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். மரபை இறுக்கமாகக் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் பிரிவின் சினகாக் என்றால் பண்டிகை விதிகள் முழுமையாக அமலில் இருக்கும்: போன் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எழுதக் கூடாது, ஒலிபெருக்கிகூட இருக்காது. ஆண்களும் பெண்களும் தனித்தனியாக உட்காரும் ஏற்பாடும் இருக்கலாம். விதிகளை அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்காத கன்சர்வேட்டிவ், ரிஃபார்ம் பிரிவுகளின் சபைகளில் கலந்து உட்காருவார்கள், பெண் ரபிகளும் பாடம் எடுப்பார்கள். (முதன்முதலில் ரபியாகப் பட்டம் பெற்ற பெண் ரெகினா யோனாஸ். 1935இல் ஜெர்மனியில் பட்டம் பெற்ற அவரை 1944இல் நாஜிகள் ஆஷ்விட்ஸ் முகாமில் கொன்றார்கள்.) யூத சமூக மையங்கள் நடத்தும் திக்குன்களில் எல்லாப் பிரிவினரும் வருவார்கள். மன்ஹாட்டனில் உள்ள மையம் நடத்துவது அந்த மாதிரி. முதன்முறை போகிறவர்களுக்கு அப்படிப்பட்ட இடம்தான் நல்லது என்பது என் எண்ணம். ஒரே இரவில் பல அறைகளில் பல பாடங்கள் நடக்கும், ஒன்று பிடிக்காவிட்டால் அடுத்ததற்கு நகரலாம்.

யூதரல்லாதவர்கள் வரலாமா என்பதையும் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் தாராளமாக வரச் சொல்வார்கள். இந்தக் கேள்வியே தல்மூதில், அதாவது பழங்கால ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த பெருநூலில், இருக்கிறது. சன்ஹெத்ரின் பகுதியின் 59ஆம் ஏட்டில், வேற்று இனத்தார் தோரா படிப்பதை ரபி யோஹனான் கடுமையாக மறுக்கிறார். அதே ஏட்டில் ரபி மேயிர் சொல்வது நேர் எதிர்: தோராவில் ஈடுபடும் வேற்று இனத்தவரும் தலைமைக் குருவுக்குச் சமம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எப்படி இரண்டும் பொருந்தும் என்று தல்மூத் ஆராய்கிறது. நீங்கள் போகிற இரவின் சுபாவம் இந்த ஓர் ஏட்டிலேயே தெரிந்துவிடும்.

முன்பதிவு கட்டாயம். 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் சினகாக்கில் பதினொரு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு அமெரிக்காவில் பல இடங்களில் காவல் இறுக்கமாகிவிட்டது. பட்டியலில் பெயர் இல்லாத புதுமுகம் இரவு பதினொரு மணிக்குப் பையோடு வாசலில் நின்றால் விசாரிக்கத்தான் செய்வார்கள். அடையாள அட்டை எடுத்துப் போங்கள், பெரிய பை வேண்டாம். யார் அழைத்தது என்று கேட்டால் நண்பரின் பெயரைச் சொல்லுங்கள். இதில் மனம் சுளிக்க ஒன்றுமில்லை.

போவதற்கு முந்தைய வாரம்

வரப்போகும் ரபி எழுதிய ஒரு கட்டுரையையாவது படித்துவிடுங்கள், அல்லது ஒரு காணொளி பாருங்கள். ரபி என்றால் பூசாரியோ பாதிரியாரோ அல்ல, ஆசிரியர். வயதுவந்த பத்துப் பேர் கூடினால் ரபி இல்லாமலேயே வழிபாடு நடந்துவிடும். அவரை ஊர்விட்டு ஊர் அழைப்பது அவருடைய படிப்புக்காக. அதில் எத்தனை வகை உண்டு என்பதற்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். 1991 முதல் 2013 வரை பிரிட்டனின் தலைமை ரபியாக இருந்த ஜோனதன் சாக்ஸ் தத்துவம் படித்தவர், நாடாளுமன்ற மேலவையிலும் பேசியவர். ஜெருசலேமின் ஆதின் ஸ்டெய்ன்சால்ட்ஸ் தல்மூத் முழுவதையும் சாதாரண வாசகரும் படிக்கும்படி நவீன ஹீப்ருவில் மொழிபெயர்த்து உரை எழுதினார். 1965இல் தொடங்கிய வேலை 2010இல் முடிந்தது, நாற்பத்தைந்து வருடம். இருவருமே 2020இல் மறைந்தார்கள். உங்கள் ஊருக்கு வருகிறவர் சட்ட நுணுக்கக்காரரா, வரலாற்றுக்காரரா, கதை சொல்கிறவரா என்று முன்பே தெரிந்தால் எந்த அறையில் உட்காருவது என்று முடிவெடுக்கலாம்.

அப்புறம், செஃபாரியா என்ற இணைய நூலகம் இருக்கிறது. இலவசம். தோரா, மிஷ்னா (தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு), தல்மூத், உரைகள் எல்லாம் அதில் உண்டு. பலவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு, தல்மூதுக்கு ஸ்டெய்ன்சால்ட்ஸ் பதிப்பே கிடைக்கிறது. தமிழ் வேதாகமம் வீட்டில் இருந்தால் யாத்திராகமம் 19, 20 அதிகாரங்களையும் ரூத்தின் சரித்திரத்தையும் வாசித்துக்கொள்ளுங்கள். ஷவுவோத்தில் சினகாக்குகளில் வாசிக்கப்படும் பகுதிகள் இவை. ரூத் நான்கே அதிகாரம், ஒரு பேருந்துப் பயணத்தில் முடிந்துவிடும்.

பகலில் ஒரு தூக்கம் போடுங்கள். நாற்பத்தொன்பது நாளும் முழுதாகக் கழிய வேண்டும் என்பதால் பல இடங்களில் நன்றாக இருட்டிய பிறகுதான் பண்டிகை வழிபாட்டையே தொடங்குவார்கள். சாப்பாடு முடிந்து பாடம் ஆரம்பிக்க இரவு பதினொன்று ஆகிவிடலாம்.

வாசலிலும் சாப்பாட்டு மேசையிலும்

ஆண்கள் முழுக்கைச் சட்டையும் நல்ல பேன்ட்டும் அணிந்தால் போதும், கோட் இருந்தால் இன்னும் நல்லது. ஆர்த்தடாக்ஸ் இடத்துக்குப் போகும் பெண்கள் முழங்கையையும் முழங்காலையும் மறைக்கும் உடையில் போங்கள். வாசலில் ஒரு கூடையில் கிப்பா எனப்படும் சின்னத் தொப்பிகள் இருக்கும். ஆண்கள் எந்த மதத்தவரானாலும் ஒன்றை எடுத்து உச்சந்தலையில் வைத்துக்கொள்ளலாம், அது மரியாதை. பக்கத்தில் தொங்கும் சால்வைகளை எடுக்காதீர்கள், அவை யூதர்களின் காலை வழிபாட்டுக்கானவை.

"ஹக் சமேயாக்" (இனிய பண்டிகை) என்று வாழ்த்துங்கள். எதிர்ப் பாலினத்தவரிடம் நீங்களாகக் கை நீட்ட வேண்டாம். தொடாமல் பழகுவதைக் கடைப்பிடிப்பவர்கள் இருப்பார்கள், அவர்கள் நீட்டினால் குலுக்குங்கள். போனை அணைத்து உள்ளே வையுங்கள். "ஒரே ஒரு செல்ஃபி" என்று எடுத்துவிடாதீர்கள்.

ஆர்த்தடாக்ஸ் இடங்களில் இன்னொரு விஷயம். கழிவறையில் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். வெளியே வரும்போது ஸ்விட்சை அணைப்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். அணைத்துவிட்டால் பண்டிகை முடியும்வரை அங்கே யாரும் அதைப் போட முடியாது. அப்படியே விட்டுவிடுங்கள்.

வீட்டில் செய்த பலகாரம் எதுவும் கொண்டுபோக வேண்டாம். எவ்வளவு சுத்த சைவமாக இருந்தாலும் கோஷர், அதாவது யூத உணவு விதிப்படி நடக்கும், சமையலறையில் செய்யாததை அவர்களால் பரிமாற முடியாது, மறுப்பதும் அவர்களுக்குச் சங்கடம். ஏதாவது தந்தே ஆக வேண்டும் என்றால் அன்று மதியமே பூக்களை அனுப்பிவையுங்கள். ஷவுவோத்துக்குச் சினகாக்கைப் பச்சை இலைகளாலும் பூக்களாலும் அலங்கரிக்கும் வழக்கம் பரவலாக உண்டு.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது நல்ல பண்டிகை. பால் உணவுதான் பிரதானம்: சீஸ்கேக், பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய பிளின்ட்ஸ். ஏன் பால் என்று மேசையில் கேட்டுப்பாருங்கள். மிருகங்களை அறுக்கும் விதிகள் அன்றுதானே கிடைத்தன, உடனே இறைச்சிக்கு எங்கே போவார்கள் என்பார் ஒருவர். உன்னதப்பாட்டில் "நாவின் கீழ் தேனும் பாலும்" என்று வருகிறதே, தோரா அந்த இனிப்பு என்பார் இன்னொருவர். மூன்றாமவர் இரண்டையும் மறுப்பார்.

சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் எழுந்துபோய், இரண்டு பிடி வைத்த குவளையில் நீர் மொண்டு கைகளில் ஊற்றிக்கொள்வார்கள். திரும்பி வந்ததும் யாரும் பேச மாட்டார்கள். நீங்கள் கேட்டதற்குத் தலையாட்டலும் "ம்ம்" என்ற முனகலும்தான் பதிலாக வரும். கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். கை கழுவியதற்கும் ரொட்டிக்கு ஆசி சொல்லி ஒரு வாய் சாப்பிடுவதற்கும் இடையில் பேசக் கூடாது என்பது வழக்கம். ரொட்டி வாய்க்குள் போனதும் பேச்சு மடை திறக்கும். ஒயின் பாட்டிலை மட்டும் நீங்களாக எடுத்து மற்றவர்களுக்கு ஊற்ற வேண்டாம். ஒயினை யார் கையாளலாம் என்பதற்குப் பழைய விதிகள் உண்டு, கடைப்பிடிப்பவர்களுக்கு அது முக்கியம்.

தாளும் துணையும்

ஒவ்வொரு பாடத்துக்கும் நகலெடுத்த தாள் ஒன்று தருவார்கள். ஒரு பக்கம் ஹீப்ரு அல்லது அரமேயம், எதிரே மொழிபெயர்ப்பு, மேற்கோள்களுக்கு எண். பாடத்தின் உயிரே இந்தத் தாள்தான். ரபி "மூன்றாவது எண்ணைப் பாருங்கள்" என்பார், அறை முழுக்கக் குனியும். வாசிக்க யாரையாவது கேட்பார். உங்களைக் கேட்டால் மொழிபெயர்ப்பை வாசியுங்கள், தயங்க வேண்டாம். இதில் கடவுளின் பெயர் அச்சாகியிருக்கும். ஆகவே கசக்கிக் குப்பையில் போடாதீர்கள், சீஸ்கேக் தட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். வேண்டாம் என்றால் கெனிசா என்று எழுதிய பெட்டியில் போடுங்கள். சேர்ந்ததும் புதைத்துவிடுவார்கள். கெய்ரோவின் பென் எஸ்ரா சினகாக்கில் இப்படிச் சேர்த்துவைத்த தாள்கள் பல நூற்றாண்டு கழித்து 1890களில் ஆராய்ச்சியாளர்கள் கைக்கு வந்து, இடைக்கால வாழ்க்கையைப் பற்றிய பெரும் புதையலாயின.

ரபி நடுவில் நிறுத்தி, "பத்து நிமிடம் பக்கத்திலிருப்பவரோடு படியுங்கள்" என்று சொல்லக்கூடும். புதியவர்கள் காபி எடுக்க நழுவுவது இந்த நேரத்தில்தான். நழுவாதீர்கள். இருவர் சேர்ந்து படிக்கும் இந்த முறைக்கு ஹவ்ருத்தா என்று பெயர், இரவின் சாரமே இதில்தான் இருக்கிறது. தல்மூதில் ரபி யோஹனானுக்கு ரேஷ் லாகிஷ் என்றொரு படிப்புத் துணை. முன்பு கொள்ளைக்காரனாக இருந்தவர். ரேஷ் லாகிஷ் இறந்ததும் மனமுடைந்த யோஹனானுக்கு வேறொரு கெட்டிக்கார அறிஞரை அனுப்பினார்கள். யோஹனான் எதைச் சொன்னாலும் அவர், "உங்கள் கருத்துக்கு ஆதாரம் இருக்கிறது" என்றார். யோஹனான் பொங்கிவிட்டார்: நீ ரேஷ் லாகிஷ் ஆவாயா? நான் ஒன்று சொன்னால் அவன் இருபத்துநான்கு ஆட்சேபம் எழுப்புவான், நான் இருபத்துநான்கு பதில் சொல்வேன், சட்டம் அப்படித் தெளிவாகும். நான் சொன்னது சரி என்று எனக்கே தெரியாதா? என்று ஆடையைக் கிழித்துக்கொண்டு அழுதார். உங்கள் துணை சொல்வதற்கெல்லாம் தலையாட்டினால் அவருக்கு நீங்கள் உதவியாக இல்லை என்று பொருள்.

ஒரு பாடம் எப்படி நகரும் என்று காட்டுகிறேன். ஷவுவோத் இரவுகளில் அடிக்கடி எடுக்கப்படும் ஒரு பகுதி, தல்மூதில் ஷப்பாத் நூலின் 88ஆம் ஏடு. சீனாயில் மக்கள் மலையடியில் நின்றார்கள் என்று யாத்திராகமம் சொல்கிறது. ஓர் அறிஞர் இதை விரிக்கிறார்: கடவுள் மலையையே பெயர்த்து அண்டாவைப்போல் அவர்கள் தலைக்கு மேல் கவிழ்த்து, "தோராவை ஏற்றுக்கொண்டால் சரி, இல்லையென்றால் இங்கேயே உங்களுக்குக் கல்லறை" என்றார். ரபி இங்கே நிறுத்துவார். மிரட்டி வாங்கிய சம்மதம் செல்லுமா? அடுத்த வரியில் இன்னொரு அறிஞர் அதையே கேட்கிறார்: அப்படியானால் தோராவுக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று சொல்ல இது பலமான வாதமாயிற்றே! புனித நூல் தன் அடித்தளத்தையே தானே கேள்வி கேட்கிறது. ரவா என்ற அறிஞர் பதில் தருகிறார்: பல நூற்றாண்டு கழித்து, பாரசீக அரசியான எஸ்தர் காலத்தில், மிரட்டல் ஏதுமில்லாமல் தாங்களாகவே மறுபடி ஏற்றுக்கொண்டார்கள். தாளின் அடுத்த எண்ணில் பிரெஞ்சு நாட்டு உரைகாரர்களான தோசஃபோத் வருவார்கள்: இதற்கு முன்பே "செய்வோம், கேட்போம்" என்று மக்கள் சம்மதித்துவிட்டார்களே, பிறகு மலை எதற்கு? அவர்களே தரும் பதில்: மலையில் எரியும் பெரும் நெருப்பைக் கண்டு பயந்து பின்வாங்கிவிடக் கூடாதே என்று.

இப்போது உங்கள் துணையிடம் திரும்புங்கள். பயத்தால் கொடுத்த சம்மதம், சூழ்நிலையால் கொடுத்த சம்மதம், பிறப்பால் வந்த கடமை, இவை வேறுவேறா? எஸ்தர் காலம்வரை இருந்தவர்களுக்குப் பாவம் ஏன் கணக்கில் வந்தது? இதற்கு ஹீப்ரு தேவையில்லை, யோசித்தால் போதும்.

ரபியிடம் பேசும்போது

முக்கிய விருந்தினரான ரபி உள்ளே வரும்போது எல்லோரும் எழுந்து நிற்கலாம். மூத்தவரைக் கனப்படுத்தச் சொல்லும் லேவியராகமக் கட்டளையிலிருந்து வந்த வழக்கம் அது. நீங்களும் எழுந்திருங்கள். ஆனால் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். மனிதனுக்கு முன் விழுவதை அவர்களில் பலர் சங்கடமாக உணர்வார்கள். "ரபி" என்றோ, பெயரைச் சேர்த்தோ அழையுங்கள். எதிர்த்துக் கேள்வி கேட்பது அவமரியாதையே அல்ல, தாளை வாசிக்காமல் கேட்பதுதான் அவமரியாதை.

நல்ல கேள்வி தாளிலிருந்து எழும்: "இரண்டாவது எண்ணில் இப்படி இருக்கிறது, நான்காவதில் ராஷி வேறு மாதிரி சொல்கிறாரே?" (ராஷி இடைக்காலத்தின் பெரிய உரையாசிரியர்.) இப்படிக் கேட்டால் ரபியின் முகமே மலரும். "உங்கள் மதமும் எங்கள் மதமும் ஒன்றுதானே?" என்று தொடங்கும் நீண்ட பேச்சு வேண்டாம். இஸ்ரேல் அரசியலை முதல் கேள்வியாக எடுக்காதீர்கள், பாடம் அதைப் பற்றியதாக இருந்தாலொழிய. உங்கள் விசுவாசத்தைப் பரப்பும் இடமாகவும் இதை ஆக்காதீர்கள். அவர்களும் உங்களை மதம் மாற்ற முயல மாட்டார்கள். கட்டாய மதமாற்றத்தின் நினைவு அந்தச் சமூகத்தில் ஆழமாக இருக்கிறது, நல்லெண்ணத்தோடு சொன்னாலும் புண்படும்.

பாடம் முடிந்ததும் ரபியைச் சுற்றிக் கூட்டம் சேரும். நின்று கேளுங்கள், மேடையில் சொல்லாததைச் சில சமயம் அங்கே சொல்வார். பேசி முடித்தவரிடம் "யஷேர் கோவாக்" என்பார்கள், உன் பலம் நிலைக்கட்டும் என்ற பாராட்டு. நீங்களும் சொல்லலாம்.

எப்போது கிளம்பலாம்?

நள்ளிரவுக்குப் பிறகு கூட்டம் பாதியாகும். கிளம்புவதென்றால் இரண்டு பாடங்களுக்கு நடுவே கிளம்புங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆர்த்தடாக்ஸ் நண்பரிடம் "காரில் விட்டுவிடட்டுமா" என்று கேட்க வேண்டாம், பண்டிகையன்று அவர்கள் வண்டியில் ஏறுவதில்லை. உங்கள் காரையும் ஒரு தெரு தள்ளி நிறுத்துவது நாகரிகம். முடிந்தால் மூன்று மணிவரையாவது இருங்கள். மிச்சமிருக்கும் ஒரு கைப்பிடிப் பேர் ஒரே மேசைக்கு வந்துவிடுவார்கள், பெயர்பெற்ற ரபியும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரக்கூடும். அப்போது கேட்பதுதான் நிஜமான வகுப்பு. விடியும் நேரத்தில் காலை வழிபாடு தொடங்கும். ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். தோரா சுருள் அருகே ஏதாவது மரியாதைப் பணிக்கு உங்களை அழைத்தால், நான் யூதரல்ல, விருந்தினர் என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் தூங்குவதற்கு முன் நினைவில் நிற்பதை எழுதிவையுங்கள். அங்கே எழுத முடியாததால் பாதி மறந்துவிடும். தொடர்ந்து படிக்க ஆசை வந்தால் அந்தச் சினகாக்கின் வாராந்திர வகுப்புக்குப் போகலாம். தினம் ஓர் ஏடு படிக்கும் தஃப் யோமி என்ற முறையும் உண்டு. 1923இல் வியன்னாவில் ரபி மேயிர் ஷபிரோ முன்வைத்தது. 2,711 ஏடுகளை முடிக்க ஏழரை ஆண்டு ஆகும். தொடக்கக்காரர்களுக்கு அது அதிகம், வாரம் ஒரு பகுதியாகத் தோராவையே படிப்பது எளிது என்று நான் சொல்வேன்.

அழைத்த நண்பருக்கும் ரபிக்கும் நன்றி எழுதுங்கள். இஸ்ரேலுக்கு வெளியே ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ் யூதர்கள் இரண்டு நாள் கொண்டாடுவதால் இரண்டாம் நாள் இருட்டிய பிறகு அனுப்புங்கள், அதற்கு முன் பார்க்க மாட்டார்கள். கடிதத்தில் தாளின் எந்த எண்ணில் உங்களுக்குச் சந்தேகம் தீரவில்லை என்று ஒரு வரி சேருங்கள். பெரும்பாலான ரபிகள் அந்த வரிக்குத்தான் முதலில் பதில் எழுதுவார்கள்.